நேரில் நின்று பார்ப்பது போல

வழக்கமான சினிமா விநாடிக்கு 24 ஃபிரேமில், அதாவது 24 தனித்தனிப் படங்களாக ஓடும். அப்படியில்லாமல் 48 ஃபிரேமில் ஓடும் படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் சொல்லும் குறைகளை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "டிவி சீரியல் மாதிரி இருக்கு." "மேக்கப் தெரியுது." "செட்டுன்னு பாத்தவுடனே தெரிஞ்சிடுது." இதெல்லாம் பழைய பாட்டு. என்னை விடாமல் அரித்துக்கொண்டிருப்பது ஒரு நண்பன் சொன்னது. வீடியோ கேமில் வேகம் 60 ஃபிரேமுக்குக் கீழே இறங்கினால் நாற்காலியை உதைக்கிற ரகம் அவன். 30-ல் ஓடும் கேமை "ஸ்லைடு ஷோ" என்பான். மானிட்டர் வாங்கப் போனால் முதலில் 144 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 144 தடவை படத்தைப் புதுப்பிக்கும் வேகம்) இருக்கிறதா என்று பார்ப்பான், அப்புறம்தான் விலை. அவனே, பல காட்சிகள் 48-ல் ஓடும் 'அவதார்: தி வே ஆஃப் வாட்டர்' பார்த்துவிட்டு, "ரொம்ப வழவழன்னு, கேம் மாதிரி இருந்துச்சுடா, எனக்கு ஒட்டவே இல்லை" என்றான். வழவழப்புக்காகவே காசைக் கொட்டுகிறவனுக்கு, அதே வழவழப்பு தியேட்டரில் ஏன் கசக்கிறது? கேட்டேன். தோளைக் குலுக்கினான். "அது கேம், இது படம்" என்றான். அதற்குமேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியவில்லை.

இதற்குத் தயாராக இரண்டு பதில்கள் உண்டு. தொழில்நுட்பக்காரர்கள் எல்லாம் பழக்கதோஷம் என்பார்கள். தலைமுறை தலைமுறையாக 24 பார்த்த கண், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்பது அவர்கள் வாதம். சினிமா பக்தர்கள் மாயமே 24-ல்தான் இருக்கிறது, கை வைக்காதே என்பார்கள். முன்னவர்கள் ரசிகனைச் சின்னப் பிள்ளையாக்குகிறார்கள். பின்னவர்கள் ஒரு சிக்கன நடவடிக்கைக்குக் கோயில் கட்டுகிறார்கள். 24 எப்படி வந்தது என்பது நமக்குத் தெரிந்த கதைதான். பேசும்படம் வந்தபோது ஒலித்தடம் சீரான வேகத்தில் ஓடியாக வேண்டியிருந்தது. ஒலி கெடாத வேகமும், பிலிம் செலவு கையைக் கடிக்காத மெதுவும் சந்தித்த இடம் அது. அதற்கு முன்பே எடிசனின் ஆட்கள் 40-க்கு மேல் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள், லூமியர் சகோதரர்களோ 16-ஓடு திருப்திப்பட்டுக்கொண்டார்கள். ஆனால் தற்செயலாக வந்தது என்பதாலேயே அதற்கு மதிப்பில்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஒளிப்பதிவு, நடிப்பு, ஒப்பனை, அரங்க அமைப்பு எல்லாமே இத்தனை காலமாக அந்த எண்ணுக்குள் குடித்தனம் நடத்திப் பழகியவை.

'தி ஹாபிட்' விஷயத்தை எடுத்துக்கொள்வோம். 2012 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் நடந்த, தியேட்டர்காரர்கள் கூடும் சினிமாகான் கூட்டத்தில் இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் அந்தப் படத்திலிருந்து பத்து நிமிடத்தை 48 ஃபிரேமில் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்களில் நிறைய பேர் முகம் சுளித்தார்கள். நேரலையில் மேட்ச் பார்ப்பது போல இருக்கிறது, பகல்நேர டிவி நாடகம் போல இருக்கிறது என்று எழுதினார்கள். பத்து நிமிடம் போதாது, முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தால் கண் பழகிவிடும் என்பது ஜாக்சனின் பதில். டிசம்பரில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும் முழுப் படமும் வந்தது. ஏறக்குறைய அதே புகார்கள்தான் திரும்ப வந்தன. கூடுதலாக ஒன்று சேர்ந்துகொண்டது: ஆட்கள் வேகமாக நடமாடுவது போல, யாரோ பட்டனைத் தட்டிப் படத்தைக் கொஞ்சம் முடுக்கிவிட்டது போல இருக்கிறது என்று. நானும் அதை 48-ல் பார்த்தேன். கதாநாயகன் பில்போ தன் வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடக்கும் ஆரம்பக் காட்சிகளில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. படம் போகப்போக அந்த வேக உணர்வு தானாக வடிந்துவிட்டது. ஆனால் 'இது செட்' என்ற உணர்வு கடைசிவரை போகவில்லை. பழக்கம் என்ற பதில் அரைப் பதில் என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது அங்கேதான். கண் பழகிக்கொள்கிற புகார் ஒன்று, பழகிக்கொள்ளாத புகார் ஒன்று. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டு, ரசிகர்கள் பழமைவாதிகள் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரசிகர்கள் இதை நிராகரித்தார்கள் என்கிறோமே, அந்த ஓட்டு ஒழுங்காக எண்ணப்பட்டதே இல்லை. 'ஹாபிட்'டைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் வழக்கமான 24-ல்தான் பார்த்தார்கள். 2016-ல் இயக்குநர் ஆங் லீ 'பில்லி லின்ஸ் லாங் ஹாஃப்டைம் வாக்' படத்தை விநாடிக்கு 120 ஃபிரேம், 4கே துல்லியம், 3டி என்று எடுத்தார். அவர் நினைத்தபடி அதைத் திரையிட உலகம் முழுக்க விரல்விட்டு எண்ணக்கூடிய அரங்குகளே இருந்தன. 2019-ல் அவருடைய 'ஜெமினி மேன்' வந்தபோதும் கதை பெரிதாக மாறவில்லை. பழைய வரலாறும் இதேதான். 1955-ல் 'ஓக்லஹோமா!' படத்தை டாட்-ஏஓ என்ற அகலத்திரை முறையில் 30 ஃபிரேமில் எடுத்தார்கள். சாதாரண அரங்குகளில் ஓடாதே என்று சினிமாஸ்கோப்பில் 24-க்கு இன்னொரு முறையும் எடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் 'அரவுண்ட் தி வேர்ல்டு இன் 80 டேஸ்' படமும் 30-ல் வந்தது. அதன் பிறகு டாட்-ஏஓ-வே 24-க்குத் திரும்பிவிட்டது. ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் நிபுணர் டக்ளஸ் டிரம்பல் 70 மி.மீ. பிலிமை 60 ஃபிரேமில் ஓட்டும் ஷோஸ்கேனைக் கண்டுபிடித்தார். பார்வையாளர்களின் உடலில் கருவிகளைப் பொருத்தி, எந்த வேகத்தில் அவர்கள் அதிகம் கிளர்ச்சியடைகிறார்கள் என்று சோதித்துத்தான் அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தார். கடைசியில் அது கேளிக்கைப் பூங்காக்களின் ஆடும் நாற்காலிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இதிலெல்லாம் தோற்றது புரொஜெக்டர் செலவுக் கணக்கு. ரசிகனிடம் யாரும் கேட்கவே இல்லை.

அரை மீட்டர் தாவல்

திரையில் என்ன நடக்கிறது என்பதை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இந்தச் சண்டை எனக்குப் பிடிபட்டது. பன்னிரண்டு மீட்டர் அகலத் திரை என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஓடுகிறார், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரே விநாடியில் போய்விடுகிறார். 24 ஃபிரேமில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அவர் அரை மீட்டர் தாவுகிறார். வழக்கமான 180 டிகிரி ஷட்டரில், அதாவது ஃபிரேம் நேரத்தில் பாதி மட்டும் திறந்திருக்கும் ஷட்டரில், ஒவ்வொரு ஃபிரேமும் விநாடியில் 48-ல் ஒரு பங்கு நேரமே ஒளியை வாங்குகிறது. ஆகவே அந்த அரை மீட்டரில் இருபத்தைந்து சென்டிமீட்டர் தேய்த்த சாயமாகப் பதிகிறது, மீதி இருபத்தைந்து பதியவே இல்லை. இருட்டுக்குள் விழுந்த இடம் அது. 'ஹாபிட்'டில் 48 ஃபிரேம், முக்கால் நேரம் திறந்திருக்கும் 270 டிகிரி ஷட்டர். தாவல் இருபத்தைந்து சென்டிமீட்டராகக் குறைகிறது, அதில் பத்தொன்பது சென்டிமீட்டர் அளவுக்குப் பதிந்துவிடுகிறது. ஆறு சென்டிமீட்டர்தான் விட்டுப்போகிறது. அதாவது தேய்ப்பும் குறைவு, ஓட்டையும் குறைவு. ஓடுகிறவரின் சட்டைப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கண் பின்தொடர்ந்து போய்ப் பார்த்துவிட முடியும்.

24-ல் அது முடியாது, முடியாது என்பது ஒளிப்பதிவாளர்களுக்கு நன்றாகவே தெரியும். கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும்போது திரையின் ஓரத்திலிருக்கும் ஒரு பொருள் எதிர் ஓரத்தை அடைய ஏழு விநாடியாவது எடுக்க வேண்டும் என்று அவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. அதைவிட வேகமாகத் திருப்பினால் படம் தடதடக்கும். நாம் 'சினிமாத்தனம்' என்று ரசிக்கும் அந்த நிதானமான கேமரா நகர்வில் பாதி, இந்தத் தடதடப்புக்குப் பயந்து பிறந்தது. 3டி வந்தபோது சிக்கல் இன்னும் முற்றியது. இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகப் படம் போகும்போது, தாவும் விளிம்புகளை மூளை ஒன்றோடொன்று பொருத்த முடியாமல் திணறுகிறது, தலை வலிக்கிறது. ஜாக்சனும் 'அவதார்' இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனும் 48 பக்கம் போனதற்கு முக்கியமான காரணம் இது. 48-ஐ எடுத்ததிலும் ஒரு தந்திரம் உண்டு. ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேமை எடுத்துவிட்டால் மற்ற அரங்குகளுக்கு 24 தயார்.

ஆக, கூடுதல் ஃபிரேம் தருவது கூடுதல் தகவல். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. கூடுதல் தகவல் நல்லதுதானே, பிறகு ஏன் ஆளாளுக்கு முகம் சுளிக்கிறோம் என்ற இடத்தில்தான் நான் ரொம்ப நாள் நின்றுகொண்டிருந்தேன்.

சித்தப்பா வீட்டு டிவி

சித்தப்பா புதிதாகப் பெரிய டிவி வாங்கியிருந்தார். போய் உட்கார்ந்ததும் கண்டுபிடித்துவிட்டேன், மோஷன் ஸ்மூத்திங் போட்டபடியே இருக்கிறது. கடையிலிருந்து வரும்போதே பெரும்பாலான டிவிகளில் அது போட்டபடிதான் வரும். 24 ஃபிரேம் படத்தின் இரண்டு ஃபிரேமுக்கு நடுவே, இல்லாத ஃபிரேம்களை டிவியே ஊகித்துச் செருகும் வேலை. அசல் 48-ம் இதுவும் ஒன்றில்லை. இதில் தேய்ப்பு பழைய தேய்ப்பாகவே இருக்கும், வேகமாக ஒரு கை அசைந்தால் அதன் ஓரத்தில் பின்னணி நெளியும். ஆனாலும் விளைவு கிட்டத்தட்ட ஒரே ஜாதி. டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோஃபர் மெக்குவரியும் 2018 டிசம்பரில் வீடியோ போட்டு, தயவுசெய்து இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று மன்றாடினார்களே, அதே சமாச்சாரம். மறு வருடம் 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்று ஒரே பொத்தானில் இதையெல்லாம் அணைக்கும் ஏற்பாட்டையும் அறிவித்தார்கள்.

சித்தப்பா ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையாவது தடவையோ, வசனத்தை நடிகருக்கு முன்னால் இவர் சொல்லிவிடுவார். நான் ரிமோட்டை வாங்கி, செட்டிங்ஸுக்குள் நாலு அடுக்கு இறங்கி, அதை அணைத்தேன். படம் சட்டென்று தன் பழைய நடைக்குத் திரும்பியது. எனக்கு நிம்மதி.

"ஏம்ப்பா, நல்லாத்தானே ஓடிட்டு இருந்துச்சு. எதுக்கு மங்கலாக்குற?"

"மங்கலாக்கலை சித்தப்பா. இதான் ஒரிஜினல். நீங்க தியேட்டர்ல பாத்தது இப்படித்தான்."

"தியேட்டர்ல பாத்தது தெரியாதா எனக்கு? அதான் ஆயிரம் தடவ பாத்தாச்சே. இதுல நேர்ல நின்னு ஷூட்டிங் பாக்குற மாதிரி இருந்துச்சு. பழையபடி போடு."

போட்டேன். அந்த நடிகர் நீதிமன்றக் கூண்டில் நின்று பேசும் காட்சி. சித்தப்பா திரைக்கு அருகே போய் விரலால் காட்டினார். "இங்க பாரு. பேசும்போது சுண்டுவிரல் ஆடுது பாரு. வேணும்னு ஆட்டலை. வசனம் மறந்துடுமோன்னு உள்ளுக்குள்ள பயம் மனுஷனுக்கு. இத்தனை வருஷத்துல இப்பத்தான் பாக்குறேன்." உண்மையிலேயே ஆடியது. கம்பியைப் பிடித்திருந்த கையில் மற்ற நாலு விரலும் இறுகியிருக்க, சுண்டுவிரல் மட்டும் தனியாகத் துடித்தது. பாத்திரத்தின் துடிப்பா, நடிகரின் துடிப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சித்தப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த காட்சியில் பின்னால் நின்ற துணை நடிகர் ஒருவர் கேமராவை ஓரக்கண்ணால் பார்த்ததையும் கண்டுபிடித்துச் சிரித்தார்.

என் யோசனை திரும்பியது இங்கேதான். உலகத்து விமர்சகர்கள் எல்லாம் 48 ஃபிரேமுக்கு எதிராக வைத்த குற்றச்சாட்டும், சித்தப்பா அதற்குக் கொடுத்த பாராட்டும் ஒரே வாக்கியம்: ஷூட்டிங் பார்ப்பது போல இருக்கிறது. இருவரும் பார்த்தது ஒன்றுதான். பார்ப்பதில் யாருக்கும் கோளாறு இல்லை. வேண்டியது வேறு. சித்தப்பாவுக்கு அந்தக் கதை முடிந்துபோன கணக்கு. யார் கொலை செய்தார்கள், யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்பதில் அவருக்கு இனி ஒரு ஆவலும் இல்லை. இளம் வயதிலிருந்து தன்னோடு வந்த அந்த மனிதர்களை, வேஷத்துக்கு அடியில் இருக்கும் ஆட்களை, கிட்டத்தில் பார்க்க வேண்டும். கூடுதல் ஃபிரேம் அவருக்கு அதைக் கொடுத்தது. முதல் தடவை ஒரு படத்துக்குப் போகிறவருக்கோ அந்த ஆட்கள் மறைந்தாக வேண்டும். நடிகர் காணாமல் போய் பாத்திரம் மட்டும் நிற்க வேண்டும். அவர் கேட்டது ஒன்று, திரை கொடுத்தது வேறு.

இப்படிப் பார்த்தால் நண்பனின் முரணும் முரணாக இல்லை. கேமில் 60 ஃபிரேம் என்பது முதலில் கையின் சமாசாரம். பட்டனை அழுத்தியதற்கும் திரையில் வாள் வீசப்படுவதற்கும் நடுவே உள்ள தாமதம் குறைகிறது, அது கட்டைவிரலுக்குத் தெரிகிறது. அங்கே யாரும் யாரையும் நம்பவைக்க வேண்டியதில்லை, விளையாடுகிறவனே நாயகன். மேட்ச் ஒளிபரப்பிலும் அப்படித்தான். பந்து மட்டையில் பட்டதா இல்லையா என்று பார்க்க வருகிறோம், தகவல் கூடக்கூட நல்லது. தியேட்டரில் கையில் பட்டனும் இல்லை, தீர்க்க வேண்டிய சந்தேகமும் இல்லை. பொய் என்று தெரிந்த ஒன்றை இரண்டரை மணி நேரத்துக்கு மெய்யாக எடுத்துக்கொள்ளப் போகிறோம். அந்த உடன்பாட்டுக்கு எவ்வளவு தகவல் தேவை என்பது தனிக் கேள்வி. எப்போதும் 'இன்னும் அதிகம்' என்பதே அதற்குப் பதிலாக இருக்க வேண்டியதில்லை.

மேக்கப்புக்கு என்ன ஆயிற்று

படம் எடுப்பவர்கள் இதை அறியாதவர்கள் இல்லை. 'ஹாபிட்' படப்பிடிப்பில் கேமராவும் 3டி அமைப்பும் சேர்ந்து சிவப்பைத் தின்றுவிடுகின்றன என்று, குள்ளர்களுக்கு ஒட்டிய மூக்கு, நெற்றி எல்லாவற்றிலும் சிவப்பைத் தூக்கலாகப் பூசினார்கள். காட்டு மரங்களுக்கு நேரில் பார்த்தால் திடுக்கிட வைக்கும் வண்ணங்களை அடித்தார்கள். ஆனால் அவர்கள் சரிசெய்தது நிறத்தை. ஒட்டிய மூக்கு ஒட்டிய மூக்காக நகரும் என்பதை யாராலும் சரிசெய்ய முடியவில்லை. முகம் திரும்பும்போது தசை ஒரு மாதிரி அசைகிறது, அதன்மேல் ஒட்டிய ரப்பர் அதற்குக் கொஞ்சம் பின்தங்கி அசைகிறது. 24-ல் தேய்ப்பு அதை மூடிவிடும். 48-ல் மூடாது. செட்டுக்கும் இதே கதிதான். வெளிச்சம் விளக்கிலிருந்து வருகிறது, வெயிலிலிருந்து வரவில்லை என்று கண்டுபிடிக்க, ஆள் அதன் குறுக்கே நடக்கும்போது நிழல் எப்படி நகர்கிறது என்று பார்த்தாலே போதும். கண் இதையெல்லாம் நமக்குச் சொல்லாமலே கணக்குப் போட்டுவிட்டு, 'சீரியல் மாதிரி' என்று ஒரே சொல்லில் மேலிடத்துக்குத் தகவல் அனுப்பிவிடுகிறது.

ஆங் லீக்கு இது புரிந்திருந்தது என்று நினைக்கிறேன். 'பில்லி லின்'னில் நடிகர்களுக்கு ஒப்பனையை ஏறக்குறைய விட்டேவிட்டார். கேமராவைக் கிட்டத்தட்ட நேராகப் பார்த்துப் பேசும் அண்மைக் காட்சிகளை நிறைய வைத்தார். தோலின் வழியாக உள்ளே நடப்பதைப் படிக்க விடுவோம் என்று பார்த்தார். எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் வசனம் எழுதியது போலவே பேசப்பட்டது, துணைப் பாத்திரங்கள் சினிமா துணைப் பாத்திரங்களாகவே நடந்துகொண்டார்கள். ஒப்பனையைக் கழற்றிவிட்டு நடிப்பைக் கழற்றாமல் விட்டது போலாயிற்று. எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து தன் வரியை எடுத்துவிடும் அந்த நொடிக்கும் குறைவான இடைவெளி, 24-ல் கவனத்துக்கே வராது. வேகம் கூடும்போது அது பூதமாக நிற்கிறது.

இதற்கு எதிர்த்திசையிலும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தின் கடற்கரைப் போர்க் காட்சியில் ஷட்டர் திறப்பை வெகுவாகக் குறைத்தார்கள். ஃபிரேம் அதே 24, தேய்ப்பு மட்டும் போய்விட்டது. மண் சிதறல் துகள் துகளாக, ஆட்கள் வெட்டி வெட்டி நகர, மூச்சு முட்டுகிறது. 'ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' படத்தில் நாயகன் மைல்ஸ் இன்னும் வித்தை பழகாத பையன் என்பதால் அவனை விநாடிக்கு 12 நிலைகளில் அசைத்தார்கள், கூடவே தாவும் அனுபவசாலி பீட்டருக்கு முழு 24. தியேட்டரில் ஒரு ஆள்கூட அந்தப் பையன் தடங்கித் தடங்கி ஓடுகிறான் என்று புகார் சொல்லி நான் கேட்கவில்லை. பழக்கம்தான் எல்லாம் என்றால் இதை எப்படி விளக்குவது? இன்றைய பிள்ளைகள் பிறந்ததிலிருந்து போனில் 60 ஃபிரேம் பார்த்து வளர்கிறவர்கள். அவர்களே ஒரு குறும்படம் எடுக்கக் கிளம்பினால், போன் கேமராவில் தேடிப்போய் 24-ஐத்தான் தட்டுகிறார்கள். சினிமா லுக் வேண்டுமாம். பழக்கம் இவர்களை 60 பக்கமல்லவா தள்ளியிருக்க வேண்டும்?

தண்ணீருக்குள் 48, கரையில் 24

கேமரூன் இதை நன்றாக அறிந்த வியாபாரி. 2022-ல் வந்த 'தி வே ஆஃப் வாட்டர்'-இல் 48-ஐ எல்லா இடத்திலும் வைக்கவில்லை. பறக்கும்போது, நீருக்குள் நீந்தும்போது 48. நின்று பேசும்போது 24. புரொஜெக்டர் முழு நேரமும் 48-லேயே ஓடும், 24 வேண்டிய இடத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு தடவை காட்டப்படும். காகிதத்தில் பார்த்தால் சமர்த்தான தீர்வு. தண்ணீருக்குள் அது பிரமாதமாக வேலை செய்தது என்பேன். நீருக்குள் மிதக்கும் துகள்கள், உடலை ஒட்டி ஓடும் குமிழிகள், தொலைவில் திரும்பும் மீன் கூட்டம், எல்லாவற்றுக்கும் ஒரு கனம் கிடைத்தது. அங்கே கையும் களவுமாகப் பிடிபட ஒட்டு மூக்கு கிடையாது. ஷூட்டிங் பார்ப்பது போல இருந்தாலும், பார்ப்பதற்கு ஷூட்டிங்கே இல்லை. நண்பனுக்கு அது கேமை நினைவூட்டியதிலும் ஆச்சரியமில்லை. கணினியில் செய்த உயிர்களை இவ்வளவு வழவழப்பாக அவன் அதுவரை பார்த்த ஒரே இடம் அதுதான்.

எனக்கு உறுத்தியது திரும்பி வரும் இடங்கள். பத்து நிமிடம் தண்ணீருக்குள் பழகிய கண்ணுக்கு, கரையேறி ஒருவர் தலையைத் திருப்பினதும் படம் சிக்கிக்கொண்டது போல ஒரு வெட்டு. பக்கத்து இருக்கைப் பெண்மணி புரொஜெக்டரில் ஏதோ பிரச்சினை என்று தன் கணவரிடம் சொன்னார். சொன்னது தப்பில்லை. அதுவரை யாரும் பார்த்திராத 24-இன் தடதடப்பை, 48 பக்கத்தில் வந்து நின்று காட்டிக்கொடுத்துவிட்டது. அந்தத் தடதடப்பு எல்லாப் படத்திலும் இருக்கிறது, ஒப்பிட ஆள் இல்லாததால் தப்பித்துக்கொண்டிருக்கிறது. ஒரே படத்துக்குள் இரண்டையும் மாற்றி மாற்றி வைப்பது இரண்டுக்கும் கெடுதல் என்பது என் அபிப்பிராயம். ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசிவரை போயிருந்தால், வேகமாக ஓடுகிற உணர்வாவது முதல் அரை மணியில் வடிந்துபோயிருக்கும்.

இப்போது ஒவ்வொரு ஷாட்டுக்கும் தடதடப்பையும் தேய்ப்பையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. நிறத்தைத் திருத்துவது போல அசைவையும் திருத்தலாம். நல்லதுதான், ஆனால் இதை இன்னும் பெரிய பட்ஜெட் 3டி படங்களே உரிமை கொண்டாடிக்கொண்டிருக்கின்றன. மாயாஜாலம், போர், வேற்றுக்கிரகம். கேமராவுக்கு முன்னால் நின்றதை அப்படியே காட்டுவதுதான் இதன் பலம் என்றால், அதிகமாகப் பொய் தேவைப்படும் படங்களுக்கே இதை ஏன் போய் மாட்டுகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. ஆவணப்படத்தில் போலி என்று பிடிபட என்ன இருக்கிறது? இசைக் கச்சேரியில், நாட்டியத்தில், விரலும் பாதமும் தேயாமல் தெரிவதை யார் வேண்டாம் என்பார்கள்?

கதைப் படத்துக்கும் ஒரு இடம் எனக்குத் தெரிகிறது. நாடக ஒத்திகை பற்றிய படம் ஒன்று. ஒரு அறை, நாலைந்து நடிகர்கள், நடிகர்களாகவே. வரியை மறக்கிறார்கள், திரும்பச் சொல்கிறார்கள், ஒருவர் நடிக்கும்போது மற்றவர் நடிக்காமல் நிற்கிறார். அங்கே வேஷத்துக்கு அடியில் ஆள் தெரிவதுதான் கதையே. அதை 48-ல் எடுத்தால் ஆடும் சுண்டுவிரல் குறையாகாது, காட்சியாகும். 3டி வேண்டாம். அதனால் கண்ணாடி வைத்த இரட்டைக் கேமரா அமைப்பும் அது விழுங்கும் வெளிச்சமும் மிச்சம். கிராஃபிக்ஸ் இல்லை, ஆகவே இரண்டு மடங்கு ஃபிரேமுக்கு இரண்டு மடங்கு ரெண்டரிங் (கணினியில் படத்தை உருவாக்கும்) செலவும் இல்லை. 2கே துல்லியத்தில் 48 ஃபிரேம் என்பது டிஜிட்டல் சினிமாவுக்கு விதிமுறை எழுதிய நாளிலிருந்தே அதற்குள் இருக்கிற ஒன்று. சின்னக் குழுவுக்குக் கட்டுப்படியாகாத வேலை இல்லை. யாராவது எடுத்தால் ஒரே ஒரு வேண்டுகோள், போஸ்டரில் 48 என்று போட வேண்டாம். போட்டுவிட்டால் முதல் ஷாட்டிலிருந்தே எல்லோரும் படத்தை விட்டுவிட்டு மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.